என் அண்ணன் ஏலி கொடுத்த ஈய வில்லை

என் அண்ணன் ஏலியோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை என்று அண்ணி சொல்லாத நாளில்லை. கம்பளி சீவுகிற தொழில் அவனுக்கு. மூட்டையில் ஈரம் கொஞ்சம் ஏறியிருந்தால், வாங்க வந்தவன் கேட்பதற்கு முன்பே இவனே சொல்லிவிடுவான். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். பொய் சொல்லத் தெரியாதவன் என்று எங்கள் ஊர் லெஸ்கூர் முழுக்க அவனுக்குப் பெயர். எதிரே நின்று ஒருவன் பொய் சொன்னாலும் அவனுக்குத் தெரியாது என்பது, நடக்கக் கூடாதது நடந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்படிப்பட்டவனைத்தான் சபை மூப்பராக்கியது. அவனும் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை, பயத்தோடுதான் எடுத்துக்கொண்டான். சுற்றுவட்டாரத்தில் எங்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவ மார்க்கத்தாருக்கு இருந்த ஏழு ஜெபக்கூடங்களை அதற்குள் கத்தோலிக்க ராஜாவின் ஆட்கள் இடித்து முடித்திருந்தார்கள். எங்களுடையது எட்டாவது. சுண்ணாம்பு அடித்த நாலு சுவரும் ஒரு மேசையும்தான், ஆனாலும் மூன்று மணி நேரம் நடந்து வந்து அதில் உட்கார ஆள் இருந்தது.

"ராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது ஜூதித்," என்பான் ஏலி. "நாம நம்ம வழியில ஜெபிக்கலாம்னு அவரோட தாத்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்கு இது. என்னைக்கும் மாறாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. பேரன் மீறுவாரா?"

"ராஜாவுக்குத் தெரியாமலா அத்தனை சிப்பாயும் குதிரையோட வந்து நம்ம ஆளுங்க வீட்டுல மட்டும் தங்கித் திங்குறான்?" என்று நான் கேட்டேன்.

"நடுவுல இருக்கறவனுங்க பண்ற வேலை. மனு போட்டிருக்கோம். பதில் வரும்."

எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவனோடு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

1681 கோடையில் சிப்பாய்கள் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்கள். கத்தோலிக்கச் சாமியாரிடம் போய் இனி பூசைக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அவர்கள் அந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வருட வரியும் கிடையாது. கூடவே ஒரு சட்டம்: அப்படி மாறினவனை, மாறினான் என்று தெரிந்தே நாங்கள் கூடத்து மேசையில் ரொட்டி பகிரும் திருவிருந்தில் சேர்த்தால், போதகருக்கு ஊரைவிட்டு வெளியேற்றம், கூடத்துக்குக் கடப்பாரை.

செப்டம்பர் திருவிருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வழக்கம்போல ஏலி வீடு வீடாக வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பருகே நின்று மூன்று கேள்வி கேட்பான். சரியான பதில் சொன்னவர் கையில் ஒரு ஈய வில்லை வைப்பான். அது இல்லாமல் யாரும் மேசைக்கு வர முடியாது. எங்கள் வீட்டில் நான் முட்டைக்கோஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜெடியோன் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். சூப் ஆறுறதுக்குள்ள கேள்விய முடிங்க," என்றார்.

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் வந்தது. மூன்றாவதைக் கேட்கும்போது ஏலி கொஞ்சம் தயங்கினான்.

"மாப்ளே, ஒன்ன சாமியார் வீட்டு வாசல்ல பாத்ததா யாரோ சொன்னாங்க. பூசைக்குத் தலை குனிஞ்சியா?"

"தோல் விக்கப் போனேன். வாசல்ல நின்னா கெட்டுப்போயிடுவேனா?" ஜெடியோன் வேதத்துச் சங்கீதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "இல்ல மச்சான். குனியல."

அடுப்பருகே நின்று ஒருவன் சொன்ன சொல்லை மூப்பர் மேற்கொண்டு கிளறக் கூடாது. அது எங்கள் முறை. கிளறினால் நாங்களும் கத்தோலிக்கர்களைப் போலப் பாவங்களைச் சொல்லவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆரம்பித்துவிட்டோம் என்றாகும். ஏலி வில்லையை எடுத்து என் புருஷன் கையில் வைத்தான். நான் அவனுக்கும் ஒரு கிண்ணம் சூப் ஊற்றினேன். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெடியோன் வில்லையைத் தட்டில் போட்டார், ரொட்டியை வாங்கி வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கையில் ஒரு காகிதத்தோடு ராஜாவின் அதிகாரி, கூட இரண்டு சாட்சிகள். அவன் உரக்கப் படித்தான். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி ஜெடியோன் மரேன் மதம் மாறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இது தெரிந்தே மூப்பர் ஏலி அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. ரொட்டியை மென்று விழுங்கினார். ஏலி அவரைப் பார்த்தான், அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். உனக்கும் தெரியுமா என்று அந்தப் பார்வை கேட்டது. தெரியாது அண்ணா என்று கத்தத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"கையெழுத்துப் போட்டீங்க, சரி. பயந்துட்டீங்கன்னு வச்சுக்கறேன். எதுக்கு மேசைக்கு வந்தீங்க?"

"கையெழுத்து மட்டும் போதாது, மேசைக்கும் வந்தாத்தான் வீட்டுக்கு சிப்பாய் வரமாட்டான்னு சொன்னாங்க. ஒனக்காகத்தான்டி."

"எனக்காகவா? அண்ணனுக்குத் தெரியும்னு சொன்னதும் எனக்காகவா?"

"அப்படி எழுதினாத்தான் செல்லும்னாங்க. அவருக்கு என்ன ஆயிடும்? மிஞ்சிப்போனா நாலு சுவரு போகும்."

அன்று சபையில் பாதிப் பேர் ஏலியின் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை புருஷன் ஆயிற்றே, தெரியாமலா கொடுத்திருப்பான் என்றார்கள். வருடக்கணக்காக அவன் கம்பளியை நம்பி வாங்கினவர்கள்தான் அவர்கள். வாசலில் நின்ற அண்ணியைத் தாண்டி, வணக்கம்கூடச் சொல்லாமல் போனார்கள்.

ஏலிக்குத் தெரியாது என்று நிரூபித்தால் கூடம் தப்பும். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள் நான். புருஷனுக்கு எதிராகப் பெண்சாதி சாட்சி சொல்வதா என்று ஜெடியோன் அழுதார், பிறகு கதவை மறித்துக்கொண்டு நின்றார். "இந்த வாசலத் தாண்டினா திரும்பி வராத," என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டுப் போனேன்.

நகரத்து நீதிமன்றத்தில் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். அடுப்பு, சூப், புத்தகத்தின் மேல் வைத்த கை, எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டான். நீதிபதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஏலியின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. "ராஜாவோட நீதிமன்றம் ஜூதித்," என்று மெல்லச் சொன்னான். அந்த ஒரு நிமிஷம் நானும் நம்பினேன், முட்டாள்.

நீதிபதி என் வாக்குமூலத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தடித்த வேறொரு காகிதத்தைப் பிரித்துப் படித்தார். ராஜசபையின் உத்தரவு. கூடத்தை இடிக்க வேண்டும், போதகர் பதினைந்து நாளில் வெளியேற வேண்டும்.

"ஐயா, அத நான் ஒருதரம் பாக்கலாமா?" என்றான் ஏலி. மறுப்பார்கள் என்று நினைத்தேன். குமாஸ்தா தோளைக் குலுக்கிக்கொண்டு நீட்டினான். எங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை.

அண்ணன் ஒருமுறை படித்தான். பிறகு விரலை வைத்து எனக்குக் காட்டினான். உத்தரவு முழுக்க வெளிறிய பழுப்பு மையில் இருந்தது. மதம் மாறினவனைச் சேர்த்த குற்றம் என்று இருந்த இடத்தில் மட்டும் ஜெடியோன் மரேன் என்ற பெயர் கன்னங்கரேல் என்று, இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தது. கீழே தேதி: ஆகஸ்ட் பதினொன்று. என் புருஷன் கையெழுத்துப் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு.

"இது... ராஜாவுக்குத் தெரியுமா ஐயா?"

"கீழ இருக்கறது யாரு பேருன்னு நினைக்கிற?" என்றான் குமாஸ்தா.

ஏலி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். பொறுமையாக, கசங்காமல் கொடுத்தான். என் அண்ணன் கிழவனானதை நான் அங்கே நின்று பார்த்தேன். மனு போட்டவன், பதில் வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். பதில், அவன் நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.

வெளியே படிக்கட்டில் ஜெடியோன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடிப்பான் என்று பயந்தாரோ என்னவோ, ஏலியைக் கண்டதும் ஒரு படி கீழே இறங்கினார். ஏலி அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தேதி ஆகஸ்ட் பதினொன்னு மாப்ளே. நீ இல்லாட்டியும் வேற எவன் பேரையாவது எழுதியிருப்பாங்க. சும்மாவே எடுத்துக்கப் போறவனுக்கு எங்கள ஏன்டா வித்தே?"

ஜெடியோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போலாம் வா," என்றார்.

நான் அண்ணனோடு நடந்தேன்.