தம்பி கொண்டுபோன கம்பளிச் சட்டை

அந்த அணியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்லாந்தில் அதன் பழைய பொருட்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அணியைச் சொன்னால் நான் சொல்லப்போகிறவன் யார் என்பதும் தெரிந்துவிடும். அவனுக்கு மனைவி இருக்கிறாள், இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மகள் இருக்கிறாள். அவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

நான் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவள் இல்லை. மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தையல் படித்து, முப்பதைத் தாண்டிய பிறகு இந்த நாட்டுக்கு வந்தவள். வந்த முதல் குளிர்காலத்தில், ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நிற்கும்போது மழை தூறியது. தலையை மறைக்கக் கைக்கு எட்டிய ஒரு பழைய தொப்பியை வாங்கினேன். கடும் நீலம், முன்னால் ஒரு எழுத்து. ஏதோ கம்பனியின் தொப்பி என்றுதான் நினைத்தேன். மறுநாள் ரயிலில் ஒரு அமெரிக்கப் பெண் அதைக் கண்டுவிட்டு இரண்டு இருக்கை தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றைய ஆட்டத்தைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். இந்த நகரத்தில் அதுவரை முன்பின் தெரியாத ஒருவரும் என் பக்கத்தில் விரும்பி வந்து உட்கார்ந்ததில்லை. சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்து அந்த அணியைத் தேடிப் பார்த்தேன். பல வருடங்களாகத் தோற்றுக்கொண்டே இருக்கிற அணி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அங்கே மாலையில் ஆட்டம் தொடங்கினால் எங்களுக்கு மறுநாள் முற்பகல். பாபடோயிட்டோயில் நான் வேலை செய்யும் உடுப்புத் திருத்தும் கடையில், ஒரு காதில் வர்ணனையும் மறு காதில் வாடிக்கையாளரின் இடுப்பளவுமாக என் நாட்கள் ஓடின. சந்தையிலும், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேல்களிலும் அந்த எழுத்தைக் கண்டால் வாங்கத் தொடங்கினேன். ஆட்ட நிரல் புத்தகங்கள், முக்கோணத் துணிக் கொடிகள், வீரர்களின் படம் போட்ட அட்டைகள். உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் இங்கே முகாமிட்டிருந்தார்கள், பூங்காக்களில் பேஸ்பால் ஆடினார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பழைய வீடுகளின் பெட்டிகளில் அவர்கள் விட்டுப்போனவை இன்னமும் கிடந்தன.

அவனைச் சந்தித்ததும் அந்தத் தொப்பியால்தான். ஏவன்டேலில் ஒரு மேசைக்கு எதிர்ப்புறம் நின்றவன் என் தலையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, தமிழா நீங்க?"

"ஓம்."

"இந்த டீமோட தொப்பி போட்ட ஒரு தமிழ் அக்காவை நான் கனவுல கூட பார்த்ததில்ல."

கோயம்புத்தூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்திருந்தான். அதே அணியின் பைத்தியம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். நான் அவனை எங்கள் வழக்கப்படி 'நீர்' என்று சொன்னபோது, "நீர்னா தண்ணிதானே அக்கா?" என்று சிரித்தான். பிறகு அந்தச் சொல்லுக்கு அவனே பழகிவிட்டான்.

ஐந்து வருடம் ஒன்றாகச் சந்தைக்குப் போனோம். பேஸ்பாலில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அவன் சொல்லித் தந்தது. பந்து எப்படி வளைகிறது, ஒருவன் பந்தை அடிக்காமலே முதல் தளத்துக்கு எப்படி நடந்துபோகலாம், எண்கள் நிறைந்த அட்டவணையில் ஒரு ஆட்டத்தை எப்படி வாசிப்பது. நான் அவனுடைய கிழிந்த கொடிகளைத் தைத்துக் கொடுத்தேன். பூச்சி அரித்த ஓரங்களை, கறைகளை, நூல் விட்ட எழுத்துகளை எல்லாம் சரிசெய்தேன். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. நாற்பது நாள் நான்தான் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக்கறி காய்ச்சிக் கொண்டுபோனேன். "எங்க அம்மா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்று அவள் அழுதாள். அவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போகிற வழியில் ஒரு கராஜ் சேல். இடிக்கப்போகிற பழைய மரவீடு. தாய் இறந்து, மகள் எல்லாவற்றையும் வெளியே வைத்திருந்தாள். அந்த மகளுக்கே எழுபது வயது இருக்கும். தையல்காரி என்று சொல்லி, திரைச்சீலைத் துணி ஒரு பெட்டி எடுத்தேன். அடியில் ஒரு கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. சாம்பல் நிறம், முன்னால் தடித்த கம்பளித் துணியில் வெட்டித் தைத்த எழுத்து. என் தலையில் இருந்த அதே எழுத்து.

"அது அம்மாவுடையது. போர்க் காலத்தில் ஒரு அமெரிக்கன் விட்டுப்போனது. திரும்பி வந்து எடுப்பேன் என்றானாம். அதற்குமேல் அம்மா ஒன்றும் சொன்னதில்லை. தைக்கத் தெரிந்தவள் நீ, கொண்டு போ" என்றாள் அந்தப் பெண்.

மனுரேவாவில் எங்கள் வீட்டு மேசையில் அதை விரித்து வைத்துப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றியிருந்த தையல் கைப்பிடி சுழற்றி ஓட்டுகிற பழைய இயந்திரத்தின் சங்கிலித் தையல். வளைவுகளில் அது கொஞ்சம் தடுமாறும். இங்கேயும் தடுமாறியிருந்தது. கழுத்துப்பட்டியின் உள்ளே சிவப்பு நூலில் ஒரு பெயர். வலது கக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. என் கணவரின் பழைய காலுறையிலிருந்து சாம்பல் கம்பளி நூல் உருவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அதை அடைத்தேன். என் நூல் ஒரு சாயல் கருமை. பரவாயில்லை, கக்கம்தானே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டேன். வந்து சட்டையைக் கையில் எடுத்தான். கழுத்தைத் திருப்பினான், ஓரத்தைத் தடவினான், கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தான். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மனசைத் தேத்திக்கங்க. இது ரெப்ளிகா. எண்பதுகள்ல பழைய மாடல்ல நிறையத் தச்சு வித்தாங்க."

"தையல் பழசு மாதிரியெல்லோ கிடக்கு, தம்பி?"

"அப்படித்தான் தைப்பாங்க. அதுதானே வியாபாரம்."

"அந்த மனுசி போர்க்காலம் எண்டு சொன்னாவே."

"எல்லாக் கராஜ் சேல்லயும் ஒரு போர்க்காலக் கதை இருக்கும் அக்கா. பேசுறதுக்கு என்ன காசா?"

நான் நம்பினேன். முப்பது வருடம் துணியைத் தொட்டுச் சம்பாதித்தவள், என் விரல் சொன்னதை விட்டுவிட்டு அவன் வாயை நம்பினேன். ஆபீஸில் வேடம் போடுகிற விருந்து ஒன்று வருகிறது, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கொண்டுபோம் என்றேன். அதற்குப் பதிலாக அணியின் சட்டை போட்ட தலையாட்டிப் பொம்மை ஒன்றைத் தந்தான். தையல் இயந்திரத்தின் மேல் வைத்தேன். நான் தைக்கும்போதெல்லாம் அது தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் சந்தைக்கு வருவது குறைந்தது. வேலை கூடிவிட்டது என்றான். மகளுக்குக் காய்ச்சல் என்றான். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, பாவாடை மடித்துத் தைக்கக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் என் தொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: நூலகத்தில் போர்க்கால அமெரிக்கர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள், உன் அணியின் சட்டை ஒன்றும் இருக்கிறது, போய்ப் பார். சனிக்கிழமை மகளோடு போனேன். அவள் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். அம்மாவின் பேஸ்பாலைத் தாங்கிக்கொள்பவள்.

கண்ணாடிப் பெட்டியில் சட்டை கைகளை விரித்து நின்றது. முதலில் சந்தோஷம்தான் வந்தது, எவ்வளவு ஒத்த சட்டை என்று. பிறகு குனிந்து கக்கத்தைப் பார்த்தேன். ஒரு சாயல் கருமையான நூல், குறுக்கும் நெடுக்குமாக.

பக்கத்தில் அட்டை. தனியார் சேகரிப்பிலிருந்து என்று போட்டு அவன் பெயர். அந்த அணியில் சில ஆட்டங்களே ஆடிவிட்டுப் படையில் சேர்ந்த ஒருவனுடைய சட்டை. கழுத்துப்பட்டியில் இருப்பது அந்த வீரனின் பெயர். இங்கிருந்து கப்பலேறியவன் திரும்பவில்லை. ஒரு ஆக்லாந்துப் பெண் வாழ்நாள் முழுவதும் அதை வைத்திருந்தாள். சேகரிப்பாளர் பல வருடத் தேடலுக்குப் பிறகு, இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டில் அதைக் கண்டெடுத்தார்.

அந்தப் பெண் எனக்குச் சொன்ன கதை. காசா என்று அவன் சிரித்த கதை.

"மம், ஆர் யூ ஓகே?" என்று மகள் கேட்டாள். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். காவலாளி வந்து கையை எடுக்கச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அன்று பின்னேரமே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்து, "அக்கா! எவ்வளவு நாளாச்சு, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உள்ளேயிருந்து வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"நூலகத்துக்குப் போனனான்" என்றேன்.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்கும் அப்போ தெரியாது. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"எப்ப தெரிஞ்சது?"

அவன் யோசித்தான். அவன் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதவி செய்கிற நினைப்பில் அவளே சொன்னாள். "அந்தச் சட்டையா? அன்னிக்கு அக்கா வீட்ல இருந்து வந்ததுமே அமெரிக்கா ஃப்ரெண்டுக்கு போன் போட்டீங்களே. ஒரிஜினல்தான், பார்த்தவுடனே தெரிஞ்சுதுன்னு குதிச்சீங்களே. அக்காவுக்குத் தெரியும்னு சொன்னீங்க..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் கண்டேன்.

"நீங்கள் கேட்டிருந்தால் நான் சும்மாவே தந்திருப்பன்" என்றேன். நீர் என்று வாயில் வரவில்லை.

அவன் தலை குனியவில்லை. குனிவான் என்றுதான் நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். "தந்திருப்பீங்க அக்கா. ஆனா உங்க சட்டைன்னுதானே ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க, உங்ககிட்ட இருந்தா திரைச்சீலை பெட்டியில கிடக்கும். என்கிட்ட வந்ததாலதான் அது யாருன்னே தெரிஞ்சுது. உங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது."

படிக்கத் தெரியாது. ஐந்து வருடம் எனக்குப் படிப்பித்தவன் சொன்னது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவள் பின்னால் அக்கா அக்கா என்று கூப்பிட்டது கேட்டது.

நூலகத்தில் ஒரு நல்ல பெண் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். ரசீது கேட்டார். கராஜ் சேலில் யார் ரசீது தருகிறார்கள்? அந்த வீட்டைத் தேடிப்போனேன். அங்கே ஆறு புதிய டவுன்ஹவுஸ்கள் நின்றன. எழுபது வயது மகளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. காலுறையைக் கொண்டுபோய்க் காட்டினேன். நூல் ஒத்துப்போனது. நூலகத்துப் பெண் அவனோடு பேசுவதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அட்டையில் ஒரு வரி கூடியிருந்தது: 'பழுதுபார்த்தவர், உள்ளூர்த் தையல்காரர் ஒருவர்.' அவன் சம்மதித்தது அவ்வளவுதான். அந்த வரி இல்லாமலே இருந்திருக்கலாம். கண்காட்சி முடிந்து சட்டை அவனிடமே திரும்பிப் போனது.

கணவர் இரண்டு நாள் கோபப்பட்டார். பிறகு, "ஒரு பழஞ்சட்டைக்கு இவ்வளவு கவலையோ?" என்றார். சட்டைக்கு இல்லை என்று அவருக்குச் சொல்லி விளக்க முடியவில்லை. அதன்பின் கடையில் வர்ணனையைப் போட்டுப் பார்த்தேன். வளைந்து போகிற ஒவ்வொரு பந்தும், அடிக்காமல் நடக்கிற ஒவ்வொருவனும் எனக்கு அவன் குரலில்தான் தெரியும். அவன் சொல்லித் தராத ஒரு விதிகூட என்னிடம் இல்லை. இரண்டாவது இன்னிங்ஸில் நிறுத்திவிட்டேன். கொடிகளையும் அட்டைகளையும் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுக்கவும் இல்லை.

போன மாதம் அவன் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளையின் பள்ளிச் சீருடையை மடித்துத் தைக்கவேண்டும். மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

பிள்ளைக்குச் சீருடையைப் போட்டு, ஸ்டூலில் ஏற்றி முழங்காலுக்கு அளவு எடுத்து ஊசி குத்தினேன். வளர்கிற பிள்ளை, உள்ளே மடிப்பைத் தாராளமாக விட்டேன். செவ்வாய்க்கிழமை தயார் என்றேன். செவ்வாய்க்கிழமை அவள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவர்களுடைய கார் நின்றது. ஓட்டும் இருக்கையில் அவன் இருந்தான், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கார் போகும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.