சித்தியின் மடி அரிசி

என் சித்தியின் கல்யாணத்தில் ஓர் அதிசயம் பார்த்தேன் என்று சொன்னால், மேளமா, ஊர்வலமா, விருந்தா என்று கேட்கிறார்கள். அவையெல்லாம் அந்தக் காலத்து வசதிக்கு ஏற்றபடி நடந்தன. மேளக்காரர் பாதியில் தூங்கிப்போனதைத் தவிர அவற்றில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் பார்த்தது, தாலி கட்டி, பந்தியெல்லாம் முடிந்த பிறகு, தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலிக்குப் பக்கத்தில் நடந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மலாக்கா டவுனில் குடியிருந்தோம். அம்மாவின் ஒரே தங்கையான சித்தி, நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தாவோடு இருந்தாள். பாட்டி ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். சித்தி அப்போது சின்னப் பெண். அதனால் அம்மாவுக்கு அவள் தங்கை பாதி, மகள் பாதி.

அது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து சாப்பாடு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே வாசல். பால் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்குள் அங்கே வரிசையில் நின்று சோதனைக்குக் கை தூக்க வேண்டும். தண்ணீர் தவிர வாயில் வைக்கக்கூடிய எதுவும் வெளியே போகக் கூடாது. ஒரு பிடி அரிசியோடு அகப்பட்டால் ஜெயில்தான். கல்யாணச் சாப்பாட்டுக்கு உள்ளே அரிசி கொண்டுவரவே தாத்தா தோட்டத்து மேனேஜர் துரையிடம் நாலு தடவை நடந்து அனுமதிக் காகிதம் வாங்கியிருந்தார்.

நானும் அம்மாவும் மூன்று நாள் முன்னதாகவே போய்விட்டோம். வெள்ளிக்கிழமை காலையிலும் சித்தி வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கல்யாணப் பெண்ணா இவள் என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். நான் வாசல் வரைக்கும் சித்தியோடு ஓடினேன். பெண்களைச் சோதிக்க அங்கே ஒரு மலாய்க்கார அக்கா உண்டு. அவள் கேட்பதற்கு முன்பே சித்தி கொண்டையை அவிழ்த்து உதறினாள், தலைத்துணியை உதறினாள், இடுப்பு மடிப்பைத் தானே பிரித்துக் காட்டினாள்.

"ஒரு அரிசி ஒட்டியிருந்தாலும் விட மாட்டாங்க பாப்பா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்போதே சித்தி மேல் ஒரு பிரமிப்பு. டவுனில் போலீஸ்காரரைக் கண்டால் நாங்கள் ரோட்டின் மறுபக்கம் போகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டவுனில் பஸ் கண்டக்டர், வீடு டவுனை ஒட்டிய கடலோரக் கிளேபாங்கில். பஸ்ஸில் அத்தனை பேரை அதட்டுகிறவர், தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் போடுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டார். சித்தி சிவப்புக் கூரைப்புடவையில் இருந்தாள். ரப்பர் பால் வாடையோடு மட்டுமே அவளைப் பார்த்திருந்த எனக்கு, கிட்டே போய்த் தொடவே தயக்கமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் லாரியில் பெட்டி படுக்கைகளை ஏற்றினார்கள். ஊரடங்கு நேரத்துக்கு முன்னால் டவுன் போய்ச் சேர வேண்டும் என்று ஒரே அவசரம். அந்த நேரத்தில் அம்மா சித்தியை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கிழக்கே பார்க்க நிற்க வைத்தாள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு மடி நிறைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பெண்ணின் முந்தானையில் தாயார் மூன்று பிடி பச்சரிசியும் வெற்றிலை பாக்கும் மஞ்சள் கிழங்கும் போட்டு முடிந்து, இடுப்பில் செருகி அனுப்புவார். அந்த அரிசி மாமியார் வீட்டுப் பானையில் சேர வேண்டும். வெறும் மடியோடு ஒரு பெண் போனாள் என்றால், அவளுக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை என்று பேசுவார்கள்.

பாட்டி செய்ய வேண்டியதை அம்மா செய்தாள். மஞ்சள் தடவிய அரிசியை அள்ளும்போதே அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சித்தி அரிசியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறவள் போல ஒரு கணம் நின்றாள். அப்புறம் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

வாசலில் லாரியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். வழக்கமான காவல்காரர்களோடு அன்று டவுனிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்திருந்தார். முறுக்கிய மீசை, கையில் நோட்டு. பெண்கள் ஒவ்வொருவராகச் சோதனை முடிந்து வந்தார்கள். சித்தி கடைசி. அந்த மலாய்க்கார அக்கா சிரித்துக்கொண்டே புடவையைத் தொட்டுப் பார்த்தவள், இடுப்பு முடிச்சில் கை பட்டதும் நின்றுவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது. தினமும் பார்க்கிற பெண், அதுவும் கல்யாணக் கோலத்தில். சார்ஜன்ட் மட்டும் இல்லாதிருந்தால் அவள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

"பெராஸ். தா போலே," என்றாள் மெதுவாக. அரிசி, போகக் கூடாது.

அந்த ஒரு சொல்லில் லாரியைச் சுற்றி இருந்த பேச்செல்லாம் அடங்கியது. தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். சார்ஜன்ட் நோட்டைப் பிரித்து, இதைக் கட்டிக் கொடுத்தது யார் என்று மலாயில் கேட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான்தான் போட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று தமிழில் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். அம்மாவை ஜெயிலில் போடப் போகிறார்கள் என்று நினைத்து நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

சித்தி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சார்ஜன்ட்டின் முகத்துக்கு நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"மக்கான் போலே?" என்று கேட்டாள். சாப்பிடலாமா?

வெளியே கொண்டுபோகக் கூடாது என்றுதான் சட்டம். வேலிக்குள் நின்று ஒரு பெண் தன் அரிசியைத் தின்னக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை போலும். சார்ஜன்ட் நோட்டைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், நோட்டை மூடாமல் அப்படியே நின்றார்.

சித்தி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். பச்சரிசி நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கூரைப்புடவை, நெற்றிச்சுட்டி, கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத தாலி, அந்தக் கோலத்தில் அவள் துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவில் நின்று அவசரமே இல்லாமல் அரிசி தின்றாள். என் அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கோயிலில் அம்மனைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இரண்டாவது பிடியில் அவளுக்கு விக்கல் வந்தது. அப்போதுதான் புது மாப்பிள்ளை, அதுவரை வாயே திறக்காத மனிதர், பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினார். சித்தி கொஞ்சம் போட்டாள். அதைப் பார்த்து லாரியில் வந்த பெண்களும் ஆளுக்கொரு சிட்டிகை வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் பத்துப் பதினைந்து அரிசி கிடைத்தது. மஞ்சள் கசந்தது, பல் வலித்தது, பிரசாதம் போல நினைத்துத் தின்றேன். அம்மாவுக்கு மட்டும் சித்தி தரவில்லை. போட்ட கை திரும்ப வாங்கக் கூடாதாம். மலாய்க்கார அக்கா ஓடிப்போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து சித்தியின் வாயில் தானே பிடித்தாள். கடைசியில் சித்தி முந்தானையை உதறிக் காட்டினாள். வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் மட்டும் மிச்சம். சார்ஜன்ட் நோட்டைப் பையில் போட்டுவிட்டு, போகலாம் என்று கையை வீசினார்.

லாரி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. உடனே ஒருத்தி சிரித்தாள். அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

கிளேபாங் வந்து சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கியிருந்தது. ஆறு மணிக்கு முன்னால் மருமகள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். எனவே கல்யாணக் கூட்டம் முழுவதும் கடற்கரையில் இறங்கிவிட்டது. சித்தி அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. முழங்கால் வரைக்கும் கூரைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். அலை வந்து இழுத்தபோது, சார்ஜன்ட்டுக்குப் பயப்படாதவள், சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவர் பெருமையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் மல்லாந்து படுத்தார்கள். யாரோ அவித்த கச்சான் வாங்கிவந்து கொடுத்தார்கள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

"என்ன கல்யாணப் பொண்ணு, வயித்துல அரிசி வெந்துருச்சா?" என்று பெண்கள் சித்தியைக் கேலி செய்தார்கள்.

"இந்த வெயிலுக்கு எப்பவோ குழைஞ்சிருக்கும்," என்றாள் சித்தி, ஏப்பம் விட்டுக்கொண்டே.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். கச்சானைத் தொடவும் இல்லை. சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் பொங்கிவிட்டாள். "டவுன்லயே இருந்து எனக்கு எல்லாம் மறந்துபோச்சுடி. கல்யாணத்தன்னிக்கே உன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே. இப்ப வெறும் மடியோட போற. அம்மா இருந்திருந்தா உனக்கு இப்படி ஆகியிருக்குமா?"

"எனக்கு மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கா? கல்யாண அவசரத்துல எனக்குந்தான் சுத்தமா மறந்துபோச்சு," என்றாள் சித்தி.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. "இல்ல சித்தி, வெள்ளிக்கிழமை நீங்கதானே என்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் வாய் நிறையக் கச்சானைத் திணித்து, உப்புத் தண்ணீர்க் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மென்று விழுங்கிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

"நெசமாவாடி?" என்று அம்மா கேட்டாள்.

"சாமி சத்தியமாக்கா."

அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு சித்தியின் மடியிலிருந்த கச்சானில் ஒன்றை எடுத்து உடைத்தாள்.

ஆறு மணிக்கு ஆரத்தி எடுத்துச் சித்தியை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அரிசி எங்கே என்று கேட்ட மாமியாரிடம் சித்தப்பாவே நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சித்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் இவளுக்கு ஓமத் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

நாங்கள் ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். என் மனம்தான் சரியாக இல்லை. துப்பாக்கிகளுக்கு நடுவில் அப்படி நின்ற சித்தி, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, அதுவும் சொந்த அக்காவிடம், சாமி பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லிவிட்டாளே என்று இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அரிசி தின்ற கதையை நடித்தே காட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கடற்கரையில் நடந்ததை மட்டும், சித்தியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்காக மறைக்க வேண்டிய குறை அது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.