பல்லியின் உத்தரவு

எங்கள் அப்பா பல்லியைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார். கடலை விதைக்க, பொள்ளாச்சிச் சந்தைக்குப் போக, தலைமுடி வெட்டிக்கொள்ளக்கூடப் பல்லி சொல்ல வேண்டும். சாமி படங்களுக்கு முன்னால் சூடம் பற்ற வைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பல்லி 'ச்சு ச்சு' என்று உத்தரவு கொடுத்தால் தரையில் மூன்று தடவை விரலால் தட்டிவிட்டு எழுந்து புறப்படுவார். சொல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் காரியம் இல்லை. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஊரில் உண்டு. சிரிக்கட்டும். சொன்ன சொல் மாறாத மனிதர் எங்கள் அப்பா. அவருக்கு இருந்த மரியாதை சிரித்தவர்களில் ஒருத்தருக்கும் இருந்ததில்லை.

அப்போது எங்களிடம் ஒரு எருமை இருந்தது. கிணத்துக்கடவைச் சுற்றி அப்படி ஓர் எருமை கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். நான் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டாலும் அசையாமல் மேயும். அந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது, அது வேறு கதை.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் எருமைக்குக் கன்று போடும் வலி வந்தது. வெயில் ஏறியும் ஒரு குளம்பும் மூக்கு நுனியும் தெரிந்ததே தவிர, கன்று வரவில்லை. எருமை படுத்துவிட்டது. நான் கூப்பிட்டால் காதைக்கூட ஆட்டவில்லை. அம்மா அதன் நெற்றியில் திருநீறு பூசினாள், அதே கையோடு வயிற்றில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். பிறகு எழுந்து வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"ஏனுங்க, கிணத்துக்கடவுக்குப் போயி மாட்டு டாக்டரக் கூட்டிட்டு வந்துருங்க. இனி அது தாங்காதுங்க."

"இரு, கேட்டுப்போட்டுப் போறேன்."

கேட்கப் பல்லி இருந்தால்தானே? பொங்கலுக்காக அதற்கும் முந்தின நாள்தான் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்த நெடிக்கு இருந்த பல்லியெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிருந்தன. அப்பா உட்கார்ந்தார். சூடம் எரிந்து தீர்ந்தது. இன்னொன்று பற்ற வைத்தார். அதுவும் தீர்ந்தது. கொட்டிலிலிருந்து எருமை முனகுவது உள்ளே வரைக்கும் கேட்டது.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னுமுங்களா? அந்தப் பல்லிக்கு இன்னைக்கு வாய் வலியோ என்னமோங்க!"

"சாமி காரியத்துல வாய வெக்காத, அம்மணி."

"நானும் சாமிகிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க வந்திருக்கறேன். மாரியாத்தாளுக்கு மாவிளக்கு எடுக்கறதா வேண்டியாச்சு. ஆனா அவளுக்குச் சைக்கிள் மிதிக்கத் தெரியாதுங்களே, நீங்கதான் போகோணும்!"

அப்பா கண் மூடியபடியேதான் இருந்தார். நெற்றி மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

எனக்குப் பல்லி போலச் சொல்ல வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே இரண்டு தடவை மேசையைத் தட்ட வைத்தவள் நான். மெல்ல நழுவி, தெற்குச் சுவரோரம் சோளம் கொட்டி வைத்திருந்த பெரிய பானைகளுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். முதல் தடவை சத்தமே வரவில்லை, வாய் அப்படி உலர்ந்திருந்தது. படத்திலிருந்த முருகன் என்னையே பார்ப்பது போலிருந்தது. வெளியே எருமை இன்னொரு தடவை முனகியது. 'ச்சு, ச்சு, ச்சு' என்றேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். பானைகள் இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மூச்சு விடவில்லை. பிறகு தரையை மூன்று தடவை தட்டினார்.

"உத்தரவு ஆயிப்போச்சு!" என்று எழுந்தவர் துண்டைக்கூட எடுக்கவில்லை. சைக்கிள் சத்தம் வரப்பு தாண்டிப் போய்விட்டது.

போன வேகத்திலேயே டாக்டரைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். டாக்டர் மடியில் பை, முகத்தில் புழுதி. எருமையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எப்பங்க வலி வந்துது?"

"காத்தாலீங்க."

"இத்தன நேரம் என்னங்க பண்ணீட்டு இருந்தீங்க?"

"உத்தரவுக்குக் காத்திருந்தனுங்க."

"யாரு உத்தரவுக்கு? கலெக்டருங்களா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்து, "அவருக்கும் மேலங்க" என்றார். டாக்டர் கைக்குச் சோப்புப் போட்டார்.

கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. டாக்டர் கையை விட்டு அதை நேராக்கிக் கயிறு கட்டி, அப்பாவையும் பிடித்து இழுக்கச் சொன்னார். ஒவ்வோர் இழுப்புக்கும் அப்பா "முருகா, முருகா" என்றார்.

"முருகனக் கூப்புடுங்க, வேண்டாங்கல. கயித்த உட்றாதீங்க!" என்று டாக்டர் கத்தினார்.

அப்பா விடவில்லை. வழவழவென்று கன்று வந்து விழுந்தது. தும்மியது. கிடேரி, பெண் கன்று! அம்மா குலவை போட்டாள். எருமை எழுந்து திரும்பிக் கன்றை நக்க ஆரம்பித்ததும் நான் கொட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். டாக்டரே சிரித்துவிட்டார்.

சீம்பால் காய்ச்சி வெல்லம் போட்டுச் சாமிக்குப் படைத்துவிட்டு, அப்பா முதல் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். பட்டிப் பொங்கலன்று கன்றுக்கும் மாலை போட்டு, வந்தவர்களிடமெல்லாம், "பல்லி சொல்லுச்சுங்க, போனேன், கன்னு பொழச்சுது" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது, பயமாகவும் இருந்தது. சாமி காரியத்தில் பொய் சொன்ன நாக்கு இரவோடு இரவாக அழுகிப் போகும் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணமாகிச் சிங்காநல்லூர்ப் பக்கம் வந்த புதிதில், ஒருநாள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டு நின்றேன். தெற்குச் சுவரில் பல்லி சொன்னது. சந்தோஷமாகத் தரையைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினேன். மாமியார் என் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

"தெக்கால சொன்னாப் பொறப்படக் கூடாது, கண்ணு. கெழக்கால சொன்னாத்தான் உத்தரவு. இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே! உங்கூட்ல ஒருத்தரும் சொல்லித் தரலயாக்கும்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கிழமை, எந்த மூலை, எத்தனை சத்தம் என்று அத்தனையும் விரல் நுனியில் வைத்திருந்தவர் எங்கள் அப்பா. எட்டு வயதில் நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேன். பானைகள் இருந்த அந்தத் தெற்குச் சுவரிலிருந்து 'போகாதே' என்று காதில் வாங்கிக்கொண்டுதான் அந்த மனிதர் தரையைத் தட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.