கண்ணை மூடி நடந்தவர்

கோவில்பட்டியில் முழங்கால் வலிக்காக பிசியோதெரபிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கும், மெலிந்த பருத்தி விவசாயி. எழுவதற்கு முன் கண்ணை மூடி, தான் நடப்பதை மனதில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வெகுநேரம் அப்படியே இருப்பார். முகம் மழை ஓய்ந்த கரிசல்போலக் குளிர்ந்துவிடும்.

“எங்க போயிட்டு வாரீக அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“விளாத்திகுளம் பக்கம், எங்க பருத்திக் காட்டுக்கு. அங்கன நான் விறுவிறுன்னு போறேன். இவதான் பின்னால மூச்சு வாங்க வாரா.”

தினமும் அவர் கையைப் பிடித்து முன்னால் நடத்திப்போகும் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று கிளம்பும்போது வாசலில் அண்ணாச்சியின் கால் நகராமல் தரையோடு ஒட்டிக்கொண்டது. மனைவி அவர் கையை விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

“நீங்க போங்க. நான் வாரேன்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். கால் எழுந்தது. தெருவெயிலில் இருவரும் போனார்கள். அவர் நடந்தது எந்தப் பாதையில் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.