பஸ்காரரின் வலது கால்

இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர் அவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. தினமும் காலையில் ஸ்டியரிங்கில் கை வைத்து, "ஆண்டவனே, ஏறினவங்களை எல்லாம் பத்திரமா இறக்கி விடு" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

அவருடைய பஸ்ஸின் கடைசி நிறுத்தம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் வாசல். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் பத்து நிமிஷம் ஓய்வு. அந்தப் பத்து நிமிஷமும் வேலிக்கு அந்தப் பக்கம் எழும்பி இறங்கும் சின்ன விமானத்தைப் பார்த்துப் பார்த்து, ஆசை உள்ளே குடியேறிவிட்டது. நாற்பத்தாறாவது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரத்தில் ஒருநாள், அவருக்கு விடுமுறை உள்ள நாளில் பாடம்.

வீட்டுக்காரி கேட்டதும் சிரித்தாள். "ரோட்டுல கோழி குறுக்க வந்தாலே ஹாரனை அமுக்கிப் பிடிக்கிற ஆளு. மேல போய் யாரைப் பார்த்து அடிப்பீங்க?"

"அங்க ஹாரனே கிடையாதுடி."

"அப்ப நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

ஆனாலும் டாக்டரிடம் போகும்போது அவளும் கூடவே போனாள். சேருவதற்கு முன்னால் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பாதி படித்த பிறகு கண் சரியில்லை என்று தெரிந்தால் பட்ட பாடெல்லாம் வீண் அல்லவா. எல்லாம் சரியாகவே இருந்தது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கற்றுக்கொடுப்பவள் இருபத்தேழு வயதுப் பெண். அவர் அவளை டீச்சரம்மா என்பார், அவள் அவரை சார் என்பாள். விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துச் சொன்னாள். வெறும் வயிற்றோடு வராதீங்க, வயிறு முட்டவும் வராதீங்க. மனப்பாடமா தெரிஞ்சாலும் அட்டையைப் பார்த்து ஒவ்வொண்ணா வாசிச்சுத்தான் சரிபார்க்கணும். முன்னால ஸ்டியரிங் மாதிரி ஒண்ணு இருக்கும், தரையில ஓடும்போது அதுக்கு வேலையே இல்லை, திரும்புறது காலால. ரெண்டு மிதி இருக்கும். வலது மிதியை அமுக்கினா வலப்பக்கம் திரும்பும், இடதை அமுக்கினா இடப்பக்கம். பிரேக் மிதியோட மேல் நுனியில இருக்கு, கால் விரலைத் தூக்கித்தான் அமுக்கணும்.

"இன்னொண்ணு சார். நான் 'என் கையில'ன்னு சொன்னா, நீங்க கையையும் காலையும் எடுத்துட்டு 'உங்க கையில'ன்னு சொல்லணும். யார் ஓட்டுறாங்கங்கிறதுல ஒரு நொடி கூடக் குழப்பம் வரக்கூடாது. தப்பு நடந்தா உடனே சொல்லிடுங்க. தப்பை நான் திட்டமாட்டேன்."

அவர் தலையாட்டினார். அரைக்காதோடுதான் கேட்டார். 'இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவனுக்குத் தரையில ஓட்டுறதைச் சொல்லித் தருது, பாவம்' என்று நினைத்துக்கொண்டார். இதை அவரே பின்னால் வாய்விட்டுச் சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பாடத்தன்று பள்ளியில் இன்னொரு விசேஷம். அவருடைய பஸ்ஸில் தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் மாணவி ஒருத்தி, அன்று முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள். கூட டீச்சர் இல்லாமல் ஒருத்தியாக மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி இறங்கவேண்டும். பதினோரு மணிக்கு. மத்தியானம் காற்று கிளம்பிவிட்டால் புதியவர்களைத் தனியாக விடமாட்டார்கள். அவளுடைய அப்பா லீவு போட்டுவிட்டு வெளியூரிலிருந்து வந்திருந்தார். மூன்று மணி ரயிலில் திரும்பவேண்டும்.

"அண்ணே, எட்டு மாசமா உங்க பஸ்லதான் வந்திருக்கேன். நீங்களும் நின்னு பார்த்துட்டுத்தான் போகணும்" என்றாள் அவள்.

"பார்க்காம எங்க போகப்போறேன். டிக்கெட் வாங்காமப் பறக்கிறியான்னு நான்தானே செக் பண்ணணும்."

பள்ளியில் இரண்டு விமானங்கள். ஒன்று இன்ஜினைக் கழற்றிப் போட்டுக் கிடந்தது. நல்ல நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் ஒன்பது மணிக்கு அவர் பாடம், பதினோரு மணிக்கு அவள்.

கொட்டகையிலிருந்து விமானத்தைத் தள்ளி வந்து, சுற்றிப் பார்த்து, பெட்ரோலைச் சின்னக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் டீச்சர். ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்தது. ஓடுபாதைக்குப் போகும் வழி ஓரிடத்தில் இடப்பக்கம் வளைகிறது. அவர் கை தானாகப் போய் முன்னால் இருந்ததைப் பிடித்து இடப்பக்கம் திருப்பியது. விமானம் நேராகவே போனது. இன்னும் திருப்பினார். அது கேட்பதாக இல்லை.

"கால் சார், கால்."

வழியின் ஓரம் கிட்டே வந்துவிட்டது.

"என் கையில."

'உங்க கையில' என்று அவர் சொல்லவில்லை. பயம் வந்ததும் இருபத்திரண்டு வருஷத்து வலது கால் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. பஸ்ஸாக இருந்தால் நின்றிருக்கும். இது அடங்காமல் வலப்பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கி, ஓரத்தில் நட்டிருந்த விளக்கு ஒன்றை நசுக்கியது. டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"சார், வலது காலை ஏன் அமுக்கினீங்க?"

அது பிரேக் இல்லை என்று மிதிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது. "பிரேக் அமுக்கினேன். பிடிக்கல."

"என் பக்கம் பிடிச்சுதே."

"என் பக்கம் பிடிக்கல, டீச்சரம்மா."

அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "நிச்சயமாவா?"

"நிச்சயம்."

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும், அன்றைக்குச் சேர்ந்தவர் சொன்னாலும், வாதாடுவதில்லை. அந்த விமானத்துக்கென்று இருக்கும் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அது பறக்காது. டீச்சர் எழுதினாள்: இடது இருக்கையில் பிரேக் பிடிக்கவில்லை என்று மாணவர் சொல்கிறார்.

மெக்கானிக்கை எல்லோரும் தொப்பி அண்ணன் என்பார்கள். தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று கேலி. அவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு புத்தகத்தைப் படித்தார். முகம் மாறியது. "அந்தப் பிரேக்கை நேத்துதானே நான் மாத்தினேன்."

பதினோரு மணி ஆனது. விமானத்தின் உள்ளே தலையை நுழைத்துக்கொண்டு, மிதிக்கு அடியில் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார் தொப்பி அண்ணன். மாணவி கொட்டகை வாசலில் நின்று, காற்றின் வேகத்தைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் துவண்டுதான் கிடந்தது.

அவளுடைய அப்பா பஸ்காரரைத் தேடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் படம் எடுக்கத் தயாராக போன். பஸ்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைங்க, நீங்க கவனிச்சீங்க. இல்லன்னா அந்தப் பிரேக்கோட என் பொண்ணு தனியாப் போயிருப்பா. உங்களைக் கும்பிடணும்."

பஸ்காரர் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். மணி பதினொன்றே கால்தான், காற்றும் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றார். அதுவும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அந்த மனிதர் இன்னும் ஒருமுறை கையைப் பிடித்தார்.

பஸ்காரர் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றார். கண்ணை மூடினார். மனிதன் எதற்கெல்லாம் ஆண்டவனைக் கூப்பிடுகிறான் பாருங்கள். 'அந்தப் பிரேக்கில் நிஜமாகவே ஏதாவது கோளாறு இருக்கட்டும், சாமி' என்று வேண்டிக்கொண்டார். எல்லோரையும் பத்திரமாக இறக்கி விடச் சொல்லித் தினமும் கேட்ட அதே வாயால், ஒரு மனிதரின் வேலையில் குற்றம் இருக்கவேண்டும் என்று கேட்டார். கேட்டு முடித்ததும் உடம்பு கூசியது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். அந்தக் கூச்சம் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் காற்றுப் பை ஆடத் தொடங்கியது. பன்னிரண்டரைக்கு விறைத்து நின்றது. டீச்சர் மாணவியின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் தலையைத் தடவிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

பஸ்காரர் கொட்டகைக்குள் போனார். தொப்பி அண்ணன் கழற்றிய சாமான்களைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தொப்பி கீழே கிடந்தது. தலையில் முடியே இல்லை என்பதை அன்றுதான் பஸ்காரர் பார்த்தார்.

"ஒண்ணும் புரியல" என்றார் தொப்பி அண்ணன், தனக்குத்தானே பேசுவதுபோல. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணு மங்கிடுச்சோ என்னவோ. சின்னப் புள்ளைங்க ஏறுற வண்டி. இனிமே இந்த வேலைய விட்டுடணும் போல."

பஸ்காரர் அவர் எதிரே போய்க் குந்தினார். "அண்ணே, பிரேக் நல்லா இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பிரேக்கே அமுக்கல. பஸ்னு நினைச்சு மிதியை மிதிச்சுட்டேன்."

தொப்பி அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

"அப்பவேன்னா?"

"மிதிக்கும்போதே."

"இப்ப மணி என்ன?"

சுவரில் கடிகாரம் இருந்தது. "ஒண்ணே கால்."

"ம்" என்றார் அவர். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் பஸ்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்கிட்ட சொல்லி என்ன. சிவப்பு எழுத்துக்குக் கீழ எழுது."

எழுதினார். 'பிரேக் நன்றாக இருக்கிறது. நான் வலது மிதியைத் தவறாக மிதித்தேன். வெட்கத்தில் பொய் சொன்னேன்.' எழுத்து கோணல்மாணலாக இறங்கியது.

டீச்சர் வாசித்தாள். "தப்பா மிதிச்சதுக்கு வெட்கப்பட ஒண்ணுமே இல்ல சார். பஸ், லாரி ஓட்டி வர்றவங்க எல்லாருமே முதல் நாள் அப்படித்தான் மிதிப்பாங்க. அதனாலதான் நான் என் காலைப் பிரேக்லயே வச்சிருந்தேன்." புத்தகத்தை மூடினாள். "இந்தப் பொய்க்குத்தான் நான் தயாரா இல்ல."

மாணவியிடமும் அவரே போய்ச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்டியரிங்கில் கை வைத்தபோது வழக்கமான வேண்டுதல் அவருக்கு வரவில்லை. "மன்னிச்சுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். மாணவி தன் நிறுத்தத்தில் ஏறினாள். முன் சீட்டு காலியாக இருந்தும் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவர் கண் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடிக்குப் போகும், உடனே சாலைக்குத் திரும்பும். வெளியே ஒரு இலை அசையவில்லை. தனியாகப் பறக்க நல்ல நாள். பார்ப்பதற்குத்தான் அப்பா இல்லை.

கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கினார்கள். அவள் கடைசியாக வந்து, படியருகே நின்றாள்.

"பிரேக் பிடிக்குதாண்ணே?"

சிரிக்கிறாளா, குத்துகிறாளா என்று பார்க்க அவருக்குத் தலை நிமிரவில்லை.

"பிடிக்குதும்மா."

அவள் இறங்கி வாசலுக்குள் போனாள். வண்டி நின்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் கொட்டகைக்குள் மறையும்வரை அவர் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.