மூணுபாலத்துச் சவரியாயிக்கு ஓர் அறிவிப்பு

மூன்று நாட்களாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தால் பருப்பு அடிப்பிடித்துக் கிடக்கிறது. "அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்கிறான் மகன். எல்லாம் கைப்பேசிக்கு வந்த ஒரு படத்தால் வந்த வினை.

படத்தில் இருப்பது ஒரு பழைய கடிதம். மடித்து மடித்து மடிப்பு வழியே கிழிந்த தாள், ஆங்கிலத்தில் டைப் செய்த ஆறு வரி. அனுப்பியவள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ஷீபா என்ற பெண். இலங்கையில் எங்கள் யட்டவத்தப் பக்கத்துப் பங்குக் கோவிலின் ஃபேஸ்புக்கில் விசாரித்திருக்கிறாள், இப்போதிருக்கும் ஃபாதர் பழைய ஆட்களைக் கேட்டு என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பின்னாலேயே ஒரு குரல் செய்தி. "ஆன்ட்டி, இது எங்க பாட்டி பைபிளுக்குள்ள வச்சிருந்த லெட்டர். அவங்க சிலோன்ல மூணுபாலம்னு ஒரு எஸ்டேட்ல பிறந்தவங்க. ஒரு தடவயாவது வந்து பாக்கணும்ங்கறாங்க. மேப்ல தேடினா அப்படி ஒரு இடமே இல்ல. இத யாரு டைப் பண்ணினாங்கன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! ஆங்கில 'ஈ' எழுத்து ஒவ்வொன்றும் வரியை விட்டு ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கிறது. அந்த மெஷினில் மட்டும்தான் அப்படி விழும். அதன் முன்னால் உட்கார்ந்து இரண்டரை வருடம் தட்டியவள் நான்தான்.

கார்பன் தாளின் வாசம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெயும் மையும் கலந்த மாதிரி ஒன்று. சாப்பிடும்போதுகூட விரலை விட்டுப் போகாது. நாங்கள் மாத்தளை டவுன்காரர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோவில். ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்த பெண் வேண்டும் என்று பங்குக் கோவில் ஆபீசில் கேட்டபோது, "சாமியார்கிட்ட வேலைக்குப் போனா நெத்தியில பொட்டு தங்குமா?" என்று அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். முதல் நாள் ஃபாதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாடி வயிறு வரைக்கும் இருந்தது. "பொட்டு நல்லா இருக்கு. டைப்பிங் எப்பிடி?" என்றார்.

இத்தாலிக்காரர். தமிழைத் தோட்டத்து ஜனங்களிடம் மட்டுமே படித்ததால் பிரசங்கத்திலும் "ஆண்டவர் என்னா சொன்னாருங்க" என்றுதான் வரும். மோட்டார் சைக்கிளில் மலை ஏறி இறங்கி, எந்த லயத்து வரிசை வீட்டில், எந்தக் காம்பரா அறையில் யார் காய்ச்சலாகக் கிடக்கிறார்கள் என்று சொல்வார். அவருடைய ஊர்க் கிழவிகள் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இந்த வெயிலுக்குக் கம்பளியா என்று நான் சிரித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிக்கவில்லை, அட்டைக்கடிக்கு நல்லது என்று மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பனி மூடிய கோபுரம் போட்ட கிறிஸ்மஸ் அட்டைகளை லயச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். பக்கத்து நாவுல டவுனைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரத்தின் ஊர்ப் பெயர் தெரியும்.

நான் எதையோ சொல்ல வந்து காலுறைக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியதை ஒத்திப்போடும் புத்தி எனக்கு அப்போதிருந்தே உண்டு.

அது ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பேர் கொடுத்த தோட்டக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அக்கா இங்கே, தங்கச்சி அங்கே. போனவர்கள் எந்த மலையில் இறங்கினார்கள் என்று கண்டுபிடிக்க எந்த அரசாங்கக் கந்தோரும் உதவவில்லை. ஃபாதர் ஒரு வழி வைத்திருந்தார். அவரோடு குருமடத்தில் படித்தவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள், நீலகிரியிலும் இருந்தார்கள். இங்கிருந்து கடிதம் போகும். அங்கே ஞாயிறு பூசை முடிவில், ஆசீருக்கு முன், சாமியார் அதை வாசிப்பார்: இன்ன தோட்டத்து இன்னாரை அவருடைய அண்ணன் தேடுகிறார், இருந்தால் எழுந்து நிற்கவும். யாராவது எழுந்து நிற்பார்கள். பதில் வந்ததும் எங்கள் கோவிலிலும் அதேபோல வாசிப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக வேதக்காரர் அல்லாதவர்களும் வந்து வாசலில் நிற்பார்கள். கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, தன் பழைய கூட்டாளியைப் பற்றிச் சேதி வருமா என்று தொப்பியோடு படியில் உட்கார்ந்திருப்பார்.

அருளாயி வந்தது அப்படித்தான். புருஷன் செத்துப்போய், ஆறு வயது மகளோடு தனியாக இருந்தவள். கையில் பாஸ்போர்ட். தைக்குள் கப்பலேறாவிட்டால் அது செல்லாது.

"தங்கச்சி இருக்கிற எடம் தெரிஞ்சா நாளைக்கே போயிருவேங்க மிஸ். தெரியாம போனா இந்தப் புள்ளயோட எங்க போயி நிப்பேன்?"

"தங்கச்சி பேரு?"

"சவரியாயி. மூணுபாலத்துச் சவரியாயின்னு எழுதுங்க. அக்கா அருளாயி தேடுறான்னு போடுங்க. அது போதும்."

அது போதாது என்று எனக்குப் பட்டது. எனக்கு அப்போது இருபது வயது. மூணுபாலம் என்பது ஜனங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் பேர், ஆபீசுக் கடிதத்தில் அதைப் போடலாமா? எங்கள் மலைகளில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். துரை புத்தகத்தில் ஒன்று, ஜனங்கள் வாயில் ஒன்று. ஃபைலைப் பார்த்து வெஸ்ட்ஃபெர்ன் எஸ்டேட் என்று அழகாகத் தட்டினேன். அக்கா, தங்கச்சி என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு என்று அருளாயி பேரோடு அதையும் எடுத்துவிட்டேன். கீழ்க்கண்ட நபர் பங்கு அலுவலகத்துடன் உடனடியாகத் தொடர்புகொள்ளவும் என்று முடித்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள். ஃபாதரிடம் நீட்டினேன். "நீங்க எழுதினா நான் படிக்கணுமா புள்ள?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மார்கழியில் பதில் வந்தது. மூன்று ஞாயிறு வாசித்தோம், யாரும் எழுந்து நிற்கவில்லை என்று அங்கத்துச் சாமியார் எழுதியிருந்தார்.

அருளாயி ஒவ்வொரு ஞாயிறும் முன் பெஞ்சில் இருப்பாள். அன்று பதிலைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆபீசுக்கு வந்து, "அப்ப அவ இல்ல போல மிஸ்" என்று மட்டும் சொன்னாள். தை போனது. பாஸ்போர்ட் போனது. கொஞ்ச காலத்தில் கப்பலும் நின்றுபோனது.

அதற்கப்புறம் வந்தது, சவரியாயி தமிழில் யாரையோ கொண்டு எழுதிய கடிதம். என்னை வாசிக்கச் சொன்னார்கள். எதிரே ஸ்டூலில் அருளாயி, மடியில் பிள்ளை. நலம், நாடுவது நலம் என்று தொடங்கிப் பாதி வந்தபோது இந்த வரி இருந்தது: 'கோயில்ல எம்பேர வாசிச்சப்ப நான் மூணாவது பெஞ்சிலதான் இருந்தேன். தோட்டத்துப் பேரு ஆபீசுப் பேரா இருந்திச்சு. துரை ஆபீசுலருந்து தேடுறாங்கன்னு பயந்து எந்திரிக்கல. மூணுபாலம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்க்கா.' பிறகு மூணுபாலத்திலிருந்து போன வேறொருவர்தான், வெஸ்ட்ஃபெர்ன் என்றால் நம்ம தோட்டம்தான் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார். உடனே ஓடிப்போய் அங்கத்துச் சாமியாரிடம் நான் தட்டிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அந்த வரியை நான் வாசிக்கவில்லை. கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது, குரலும் கூடவே போனது. அருளாயிக்கு எழுத்துத் தெரியாது.

முடிந்ததும் அவள் கேட்டாள். "கோயில்ல பேரு வாசிச்சப்ப ஏன் எந்திரிக்கலயாம்?"

"அன்னைக்கு அவுங்க வரலயாம்" என்றேன்.

"ஆமாங்க. அவ சின்னதுலயே பூசைக்குக் கள்ளம் போடுவா" என்று சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்று கடிதத்தை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யாராவது படித்தவர்களிடம் அதைக் கொடுத்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்வாளே என்று எத்தனை ஞாயிறு பயந்திருக்கிறேன் தெரியுமா? ஆறு மாதத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட்டதற்கு எல்லோரிடமும் அதையே காரணமாகச் சொன்னேன். ஃபாதர் நோயாளியாகி ஊருக்குப் போனார், அங்கேயே அடக்கமானார். சண்டைக் காலத்தில் கடிதங்களும் நின்றன. அருளாயி செத்த செய்தி தெரிந்தும் நான் போகவில்லை.

இப்போது சவரியாயி வருகிறாள். நான் தட்டிய தாளோடு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பொட்டு வைத்துக்கொண்டு, நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கோவிலுக்குப் போனேன். பூசை இப்போது மாதத்தில் ஒரு நாள்தான். இருபது பேர் இருந்தால் அதிகம். வாசலில் வெளிக்காரர் யாரும் இல்லை, எதற்கு நிற்கப் போகிறார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆபீஸ் இருந்த அறையில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். டைப்ரைட்டர் எங்கே போனது என்று ஃபாதருக்குத் தெரியவில்லை, சின்ன வயசுக்காரர். ஒரு துண்டுத் தாளை அவரிடம் நீட்டினேன். ஆசீருக்கு முன் வாசித்தார்.

"மூணுபாலத்து அருளாயியின் குடும்பத்தாரை, இந்தியாவில் இருக்கும் அவருடைய தங்கச்சி சவரியாயி தேடுகிறார். இருந்தால் எழுந்து நிற்கவும்."

இந்த முறை ஒரு வார்த்தையும் விடவில்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். கொழும்பில் வேலையாம், லீவுக்கு வந்திருக்கிறாளாம். "ஆன்ட்டி, எங்க அம்மாயி பேரும் அருளாயிதான். அவுங்களுக்கும் இந்தியாவுல ஒரு தங்கச்சி இருந்தாங்களாம். ஆனா நாங்க மூணுபாலம் இல்லீங்க. வெஸ்ட்ஃபெர்ன்."

அப்படியென்றால் இவள், அன்று அருளாயி மடியில் இருந்த பிள்ளையின் மகள். அவளை உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து, அன்று விட்ட வரியை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். கடிதத்தைத் தட்டியது யார் என்பதையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"மூணுபாலம்னா எது ஆன்ட்டி?"

ஜன்னல் வழியே கையை நீட்டினேன். ரோட்டை அகலமாக்கியபோது மூன்று பாலத்தையும் மூடிவிட்டார்கள். அவளுக்குக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை.