வில்லாளி வீட்டில் கேட்டுவிட்டு வருவாள்

மதிவதனி உருவாக்கிய வில்லாளிக்கு அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், அண்ணன் இருந்தான். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஜாஃபர் சாதிக்கால் அதைத்தான் நம்ப முடியவில்லை.

"இந்த ஆட்டத்துக்குப் புதுசா வர்றவங்க எல்லாம் அவங்க ஆளோட குடும்பத்தக் கொன்னுட்டுத்தான் வந்து உக்காருவாங்க. ஒருத்தன் ஊரையே கொளுத்திட்டு வந்தான். நீ என்னம்மா, ரேஷன் கார்டுல உள்ள அத்தனை பேரையும் வச்சிருக்க?"

"அந்தக் கொளுத்துனவன் நான்தான்," என்றான் வெங்கி பெருமையாக.

தஞ்சாவூரில் ஜாஃபரின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு சிறிய அறை. ஞாயிறு மதியம் அங்கே இந்த விளையாட்டு நடக்கும். ஜாஃபர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மதிவதனி உட்கார்ந்திருந்தது அவள் அண்ணன் சேரனின் நாற்காலி. போன ஐப்பசியில் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். பல மாதங்களுக்குப் பிறகு ஜாஃபர் போன் செய்து, நீயாவது வாம்மா என்றார்.

அவள் அம்மா நீலாம்பாள் இதற்கு மட்டும் அனுமதித்தாள். சேரனின் சிநேகிதர்கள் என்பதால். தலைத்திவசம் முடியாத வீடு; கல்யாணம், திருவிழா, எதற்கும் போவதில்லை. அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர்கள் ஊரான பூதலூருக்குத் திரும்பும் ரயில் கொஞ்சம் தாமதமானாலும் அம்மாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். எடுக்காவிட்டால் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவாள்.

ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மதிவதனிக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று மறுநாள் சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மலைக்குகையில் பூதம் ஒன்று ஊர்த் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறது. வெங்கியின் மந்திரவாதியும் ஜாஃபரின் மனைவி பர்வினின் வாள்வீராங்கனையும் கிளம்பிவிட்டார்கள்.

"வில்லாளி என்ன பண்றா?" என்று கேட்டார் ஜாஃபர்.

"வீட்டுல கேட்டுட்டு வர்றேன்."

"கேட்டாச்சா?"

"அப்பா வயல்ல இருக்காரு. நடவு நேரம், ஆள் பத்தாதுங்கிறாரு. அண்ணன் தனியா போகாதங்கிறான்." எல்லோருடைய மறுப்பையும் அவளே சொன்னாள்.

"தாயே, நாங்க குகை வாசல்லயே நிக்கிறோம். பூதம் வெளில வந்து எங்களுக்கு டீ குடுத்துருச்சு," என்றான் வெங்கி.

பர்வின் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். ஜாஃபர் பகடையைக் கீழே வைத்தார்.

"மதி, ஒரு ஆளை உருவாக்குறப்ப முதல்ல பலம் எல்லாம் தேவையில்ல. வீரமும் அப்பறம் வரும். வீட்டுல கெடைக்காத ஏதோ ஒன்னு அவளுக்கு வேணும். அது இருந்தாத்தான் படி தாண்டுவா. இவளுக்கு என்ன வேணும்?"

மதிவதனி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "யாரும் போன் பண்ணாத ஒரு மதியம்."

அந்த உலகத்தில் ஏது போன் என்று கேட்க வாயெடுத்த வெங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி, அம்மாகிட்ட கேளு. அம்மாவா நான் பேசுறேன்," என்றார் ஜாஃபர்.

"அம்மா, நான் போகட்டுமா?"

"போயிட்டு வாம்மா."

மதிவதனிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்கண்ணே."

"கேட்டுப் பாத்தியா?"

அவள் கேட்டதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியும் என நினைத்திருந்தாள். அழுகை வரும். சேரனின் படத்தை அம்மா காட்டுவாள்.

சாயங்காலம் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும், ஓசூர் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டுவிட்டாள். இனி ஒரு நிமிடம் போனாலும் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

நீலாம்பாள் அடுப்பை அணைத்தாள். அழவில்லை.

"எப்பச் சேரணும்?"

"அடுத்த வாரம்மா."

"திவசத்துக்கு லீவு குடுப்பானா?"

"குடுப்பாங்க."

"அப்ப சரி."

மதிவதனிக்கு மூச்சு வந்தது. அதற்குள் அம்மா தொடர்ந்தாள். "நம்ம வயல பக்கத்து வீட்டு முருகையன்கிட்ட குத்தகைக்கு விட்டுரலாம். அங்க தண்ணி எப்படி? உப்பா இருக்குமா?"

"அம்மா, நான் ஹாஸ்டல்லதான்…"

"ஹாஸ்டல்ல ரெண்டு பேர எப்படிச் சேப்பான்? வீடா பாரு. ஒன்னயும் தனியா அனுப்பிட்டு நான் எதப் பாத்துக்கிட்டு இங்க கெடக்குறது?"

மறுநாள் காலை மதிவதனி கம்பெனிக்குச் சம்மதம் அனுப்பினாள். பிறகு ஓசூரில் வாடகை வீடுகளைப் போனில் தேடினாள். அம்மா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லாருக்கே, கையடக்கமா. ஏன் தள்ளிவிடுற?"

"ஒரே ரூம்மா. ரெண்டு ரூமாவது வேணும்."

"நமக்கு எதுக்கு ரெண்டு?"

மதிவதனி இரண்டு அறை உள்ள அடுத்த வீட்டின் படத்துக்குப் போனாள்.